தம்பலகாமத்தில நெல், கந்தளாயில டவுன்: இது எப்பிடி நடந்தது?

திடல்பிள்ளை

போன சனிக்கிழமை லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெல்ட் அறுந்து போச்சு. பெரும்போகத்துக்கு ரெண்டாம் உழவு பாதியில நிக்குது. அப்பா ஒண்டும் யோசிக்காமல் "கந்தளாய்க்குப் போயிட்டு வா" எண்டார். திருகோணமலைப் பக்கம் இருக்கிற எங்கட ஊர் தம்பலகாமத்தில தேடிப் பாத்தியா எண்டு கூடக் கேக்கேல்ல. மோட்டார் சைக்கிளில போய்க்கொண்டிருக்கேக்க வந்த கேள்வி இது.

எங்கட ஊர் வயல் எவ்வளவு பழசு எண்டு நான் சொல்லத் தேவையில்ல. ஆதிகோணநாயகர் கோயில் இருக்கு. கந்தளாய்க் குளத்துக்கு வேள்வி செய்த உரிமையும் எங்கட ஆக்களுக்குத்தான். என்ர தாத்தா சின்ன வயசில மாட்டு வண்டியில குளக்கட்டுப் பக்கம் போனால், ஆனைக்குப் பயந்து பொழுது சாய முதல் திரும்பிவிடுவாராம். அப்ப அங்க கடையெண்டு பேர் சொல்ல ஒண்டும் இல்ல.

இண்டைக்கு எங்கட ஊரில பாண் வாங்கலாம், ரீலோட் போடலாம், போட்டோகொப்பி எடுக்கலாம். பெல்ட், தெளிகருவிக்கு நொசில், சாக்குத் தைக்கிற ஊசி, அடகுக்கடை, கண் டொக்டர், எல்லாத்துக்கும் கந்தளாய். பழைய ஊர் ஊராவே நிக்க, காடாக் கிடந்த இடம் டவுனாப் போனது எப்பிடி?

"அரசியல்" எண்டு ஒரு சொல்லில முடிச்சுப் போட்டுப் போகாதீங்கோ. அது எனக்கும் தெரியும். அதுக்கு மேல என்ன எண்டுதான் கேக்கிறன்.

துருசு

தம்பி, நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். என் வேலையே தண்ணீர் என்பதால் தண்ணீரில் இருந்துதான் தொடங்குவேன், பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். கந்தளாய் எப்போதும் காடாக இருந்ததில்லை. சோழர் காலத்தில் அங்கே சதுர்வேதிமங்கலம் என்ற பிராமணக் குடியிருப்பு இருந்தது, தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன, சிவன் கோயில் இடிபாடும் உண்டு. குளத்தை 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்கிறது மகாவம்ச மரபு. பூதங்களைக் கொண்டு குளக்கோட்டன் கட்டினான் என்கிறது நம் மரபு. இதை வைத்து இங்கே சண்டை பிடிக்க வேண்டாம். இரண்டு பேருமே கடைத்தெரு கட்டவில்லை.

பிறகு கட்டு உடைந்து, ஆட்கள் போய், காடு ஏறியது. 1786இல் திருகோணமலைக்குப் பொறுப்பாக இருந்த டச்சு அதிகாரி வான் சென்டன் கொட்டியாரம், தம்பலகாமம், கந்தளாய் எல்லாம் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். இந்த மண்ணில் இருந்து இன்னும் எவ்வளவு நெல் எடுக்கலாம் என்பதுதான் அவருக்கு இருந்த கவலை. 1870களில் ஆங்கிலேயர் குளத்தைத் திருத்தினார்கள். தண்ணீர் வந்தது. ஆட்கள் வரவில்லை.

ஏன் வரவில்லை? நுளம்பு. 1934, 35இல் இலங்கை முழுவதும் வந்த மலேரியாவைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டிருப்பீர்கள். கந்தளாய் மாதிரி இடத்தில் அது ஒவ்வொரு வருடமும் வருகிற விருந்தாளி. தம்பலகாமத்தார் குளத்துத் தண்ணீரைக் கீழே தங்கள் வயலுக்கு எடுத்தார்கள், குளத்தடியில் போய்க் குடியிருக்கவில்லை. புத்திசாலிகள்.

1946இல் டிடிடி தெளிக்கத் தொடங்கிய பிறகுதான் கதை மாறியது. 1935இல் வந்த காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பேர்மிட், வெட்டித் துப்புரவாக்கிய காடு, கட்டிக் கொடுத்த வீடு. தொடக்கத்தில் குடியேற்றத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் என்பது கணக்கு. பிறகு அது 3க்கு 2 ஆகி, அதற்கும் கீழே சுருங்கியது. 1950களில் கந்தளாய் நிறைந்தது.

அந்தக் கொலனி (குடியேற்றத் திட்டம்) வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். முதலில் போட்ட கோடு வாய்க்கால். அடுத்தது றோட்டு. தண்ணீர் ஏறாத மேட்டில் பாடசாலை, ஆஸ்பத்திரி, தபாற்கந்தோர், சங்கக்கடை. அதற்குப் பக்கத்தில் "சந்தைக்கு" என்று ஒரு துண்டு. உங்கள் ஊருக்கு அப்படி ஒரு வரைபடத்தை யாரும் போடவில்லை. என் பதில் அவ்வளவுதான்: திட்டம் போட்டு வைத்த இடம் டவுன் ஆனது.

91ஆம்கட்டை

துருசு ஐயாவுக்கு ஸலாம். ஐயாவிட வரைபடத்தில சந்தைக்கு ஒதுக்கின துண்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லட்டா? நான் கந்தளாயில கடைக்குள்ளயே பிறந்தவன்.

கடை வந்தது பஸ் நிக்கிற இடத்தில. திட்டத்தில சந்தை எங்க இருக்கு எண்டு ஒருத்தரும் பாக்கேல்ல. எங்கட வாப்பா கிண்ணியாவில இருந்து வந்து முதல் போட்டது றோட்டு ஒதுக்கில ஒரு கிடுகுக் கொட்டில். பேர்மிட்டும் இல்ல, உறுதியும் இல்ல. சோடா, சுருட்டு, வாளி, கயிறு, மண்ணெண்ணெய். பின்னால ஒரு சாக்குக் கட்டில். அளவெடுக்க ஆள் வந்தால் வாப்பா கொட்டிலைக் கழட்டி வைப்பார். போன கையோட திருப்பிக் கட்டுவார். எங்கட பக்கத்து ஊர்ப் பேர்களைப் பாருங்க: 91ஆம் கட்டை, 95ஆம் கட்டை, 96ஆம் கட்டை. மைல்கல்லுத்தான் பேர் வைச்சிருக்கு. குளமுமில்ல, கோயிலுமில்ல, பள்ளியுமில்ல. றோட்டு பெத்த ஊர் இது.

இனி நெல்லுக்கு வாறன். திடல்பிள்ளை அண்ணன், உங்கட ஆக்கள் நெல்லை விளைச்சாங்க. சரி. எங்க வித்தாங்க எண்டு கேளுங்க. நெல் விளையிற இடம் வேற, நெல் கை மாறுற இடம் வேற.

நான் கண்ணால கண்டதைச் சொல்லுறன். சூடடிச்ச நெல் வண்டியில வரும். வாப்பா கையில குத்தூசி இருக்கும். மூடையிட வயித்தில ஒரு குத்து, உள்ளங்கையில கொஞ்ச நெல் விழும். ஊதிப் பார்ப்பார், சப்பி பறக்கும். பிறகு ரெண்டு மணியைப் பல்லுக்குள்ள வைச்சுக் கடிப்பார். 'டக்' எண்டு சத்தம் வந்தால் காய்ஞ்சது. சத்தம் வராட்டி ஒண்டும் சொல்ல மாட்டார், அந்த மூடையை இடப்பக்கம் வைக்கச் சொல்லுவார். இடப்பக்கம் போனால் விலை குறையும். அந்தக் காலத்தில புசல் அளவு, ஒரு புசல் நெல் 46 இறாத்தல், இப்ப கணக்கில 21 கிலோவுக்குக் கிட்ட. கொண்டு வந்தவர் வாப்பாவிட வாயையே பார்த்துக்கொண்டு நிப்பார்.

அந்த நெல்லில பாதி ஏற்கெனவே எங்கடது. விதைக்கேக்க விதைநெல், பிறகு உரம், பிறகு பிள்ளைக்கு வருத்தம் எண்டு அம்பது நூறு, எல்லாம் கடன் கொப்பியில இருக்கும். அறுத்ததும் கழிக்கிறது. இதைப் பெருமையாச் சொல்லேல்ல. அந்தக் கொப்பியாலதான் கடை கல்லுக்கடையாகினது. நான் படிச்சதும் அந்தக் கொப்பிக் காசில.

கோணமலைப்பெட்டை

91 அண்ணா, குத்தூசிக் கதைக்கு நன்றி. எங்கட மாமா ஒருக்கா மூடைக்கு ரெண்டு கிலோ "சாக்குக் கழிவு" எண்டு வெட்டினதுக்கு ஒரு கடையில கத்திப்போட்டு வந்தவர். கடைப் பேர் வேண்டாம். ரெண்டு கிலோ சாக்கு எந்தத் தறியில நெய்தது எண்டு கேட்டாராம்.

எனக்கு ஒரு சந்தேகம். றோட்டும் பஸ்ஸும் காரணமெண்டால் கோச்சி அதுக்கு முதலே வந்திட்டுதே. கல்லோயாச் சந்தியில இருந்து திருகோணமலைக்கு 1927இல ரயில் பாதை திறந்தது. தம்பலகாமத்துக்கும் ஸ்டேசன், கந்தளாய்க்கும் ஸ்டேசன். ரெண்டு ஊருக்கும் ஒரே தொடக்கம். கொலனி வர முதல் இருவது வருசத்துக்கு மேல தம்பலகாமத்துக்கு வாய்ப்பு இருந்ததே, ஏன் விட்டது?

துறையடியான்

கிண்ணியாக்காரன் நானும் வாறன்.

எங்கட ஊரில கடைத்தெரு எங்க வந்தது? துறையடியில. ஏன்? பாதைக்குக் காத்திருக்க வேணும். (பாதை எண்டால் இங்க றோட்டு இல்ல, வாகனம் ஏத்துற மிதவை. கொழும்பு ஆக்கள் குழம்பக் கூடாது.) நெல்லு, விறகு, தயிர், மீன், எல்லாம் துறையில வந்து நிக்கும். அந்தப் பக்கம் போன பாதை திரும்பி வரும் வரைக்கும் மனுசனுக்கு என்ன வேலை? ஒரு பிளேன்ரீ, ஒரு வாய்ப்பன், ஒரு சண்டை. அரை மணித்தியாலம் ஒருத்தனை ஓரிடத்தில நிறுத்தி வைச்சால் அங்க கடை முளைக்கும்.

2009 ஒக்டோபரில பாலம் திறந்தாங்க. 396 மீற்றர், அப்ப நாட்டிலயே நீளமானது எண்டு எல்லாரும் படம் எடுத்தாங்க. ஊருக்குப் பெரிய நன்மை, அதில பேச்சில்ல. பிள்ளைத்தாச்சியைத் துறையில வைச்சுக்கொண்டு பாதைக்குக் கத்தின காலம் போச்சு. ஆனா துறையடித் தேத்தண்ணிக் கடைக்காரருக்கு மனுசர் நிக்காமல் போற முதல் நாள் அது.

தம்பலகாமத்தில ஆரும் நிக்க வேண்டியிருக்கேல்ல. கண்டி றோட்டு ஊருக்குள்ளால போகேல்ல. சந்தியால திரும்பி உள்ளுக்கு வரவேணும். வேலை இருந்தால்தான் வருவான்.

பனிக்காடு

தம்பலகாமத்தில் பிறந்து இப்போது கனடாவில் பனி வழிக்கிறேன். இழை முழுவதையும் வாசித்தேன். எல்லோரும் கெட்டித்தனமாக ஒரு விஷயத்தைச் சுற்றிப் போகிறீர்கள்.

1881 கணக்கெடுப்பில் திருகோணமலை மாவட்டத்தின் மொத்தச் சனம் 22 ஆயிரம். 2012இல் 3 இலட்சத்து 79 ஆயிரம். இந்தப் பெருக்கம் தானாக நடந்ததா? யாரைக் கொண்டுவந்து குடியேற்றுவது, எந்தக் குளத்தின் கீழ் எத்தனை ஏக்கர், எந்த மொழியில் கந்தோர் நடக்கும் என்று கொழும்பில் முடிவெடுத்தார்கள். கந்தளாய்க்குப் பணம் போனது, தம்பலகாமத்துக்குப் போகவில்லை. கந்தளாயிலும் எங்கள் ஆட்கள் கடை வைத்திருந்தார்கள். கலவரத்துக்குக் கலவரம் எரிந்து, எண்பதுகளில் மிச்சமிருந்தவர்களும் வெளிக்கிட்டார்கள். என் பெரியப்பா சாவிக்கொத்தோடு வந்தார், கடை அங்கே நின்றது. அந்தச் சாவிக்கொத்து இப்போதும் ஸ்காபரோவில் ஒரு லாச்சிக்குள் கிடக்கிறது. வாய்க்கால், பஸ், தேத்தண்ணி என்று மட்டும் எழுதினால் அந்தச் சாவியை எங்கே வைப்பது?

நெறியாளர்

பனிக்காடு சொன்னது இழைக்கு உரியதுதான், அப்படியே நிற்கட்டும். இதற்குப் பதில் எழுதுகிறவர்கள் இனப் பெயர் சொல்லித் திட்டினால் பதிவு போகும். ஏற்கெனவே இரண்டு போய்விட்டன.

91ஆம்கட்டை

பனிக்காடு அண்ணன், சாவியைப் பத்தி நான் ஒண்டும் மறுக்கமாட்டன். எங்கட கடைக்கு ரெண்டு கடை தள்ளி ஒரு ஐயா சாப்பாட்டுக்கடை வைச்சிருந்தவர். தோசைக்குச் சம்பல் கேட்டால் ரெண்டாம் தரமும் போடுவார். எண்பத்தஞ்சுக்குப் பிறகு காணேல்ல. அந்த இடத்தில இப்ப கைபேசிக் கடை. பிறகு எங்களுக்கும் ஓடுற நாள் வந்தது, திரும்பி வந்தம். சிலர் வரேல்ல.

ஆனா ஒண்டு கேக்கிறன், கோவிக்க வேண்டாம். குடியேத்தின கொலனி எத்தனையோ இருக்கு. எல்லாம் டவுன் ஆகேல்லயே. முதலிக்குளம் பக்கம், சேருவில பக்கம் பாருங்க. நாலு கடை, ஒரு பஸ் நிலையம், சரி. கந்தளாய் மட்டும் ஏன் வீங்கினது?

வாப்பா சாகும் வரைக்கும் சொன்ன ஒரு பதில் இருக்கு. சீனி.

செக்கோசிலோவாக்கியாக்காரர் உதவியில கட்டின சீனித் தொழிற்சாலை, 1960. அதைச் சுத்தி வந்த ஊருக்கே சீனிபுர எண்டு பேர். கரும்பை விட முக்கியம் சம்பளம். கமக்காரன் கையில வருசத்துக்கு ரெண்டு தரம் காசு புரளும், பெரும்போகம் அறுத்து ஒருக்கா, சிறுபோகம் அறுத்து ஒருக்கா. அந்த ரெண்டு மாசம் சாரி, ரேடியோ, கலியாணம். மிச்சப் பத்து மாசமும் கொப்பி. அப்பிடி ஒரு ஊரில கொப்பி தாங்கக்கூடிய நாலு கடைதான் நிலைக்கும். மற்றதெல்லாம் விழும்.

சீனித் தொழிற்சாலையில மாசம் முடிய சம்பளம். அண்டைக்குப் பின்னேரம் டவுன் லைட் வெளிச்சத்தில நிக்கும். தையல்காரன், சலூன், படம்பிடிக்கிறவன், மணிக்கூடு திருத்திறவன், இவங்க எல்லாம் நெல்லை நம்பி வந்து இருக்கமாட்டாங்க. மாசச் சம்பளத்தை நம்பி வந்தாங்க. அவங்க இருந்ததால கமக்காரனும் வந்தான். தம்பலகாமத்தில இருந்தும் வந்தான். "நெல்லு கடையைத் திறக்கும், சம்பளம்தான் கடையைத் திறந்தபடி வைச்சிருக்கும்" எண்டு வாப்பா சொல்லுவார்.

துருசு

91, உங்கள் வாப்பா எங்கள் திணைக்களத்தில் இருந்திருக்க வேண்டும். என் வரைபடக் கதையை நான் பாதி வாபஸ் பெறுகிறேன். பாதிதான். தண்ணீரும் திட்டமும் இல்லாமல் அந்தத் தொழிற்சாலையும் அங்கே வந்திருக்காது. கரும்பும் குடிகாரப் பயிர்தான்.

திடல்பிள்ளை

இவ்வளவு பதில் வருமெண்டு நினைக்கேல்ல. கோணமலைப்பெட்டை கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரு பதில் இருக்கு, அது எங்கட ஊர்ப் பேர்களிலயே கிடக்கு.

சிப்பித்திடல், நாயன்மார்திடல், கள்ளிமேடு, பட்டிமேடு, வர்ணமேடு. எல்லாம் திடலும் மேடும். சுத்தி வயல், நடுவில தீவு மாதிரி உயர்ந்த துண்டு, அதில பத்து இருவது வீடு, ரெண்டு புளியமரம், ஒரு கோயில். மாரியில ஒரு திடலில இருந்து அடுத்த திடலுக்கு வரம்பாலதான் போகவேணும். சின்னனில பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்தைக் கையில தூக்கிக்கொண்டு போய் வாசலில கால் கழுவிப் போட்டனாங்க.

கடைத்தெரு எண்டால் ஒரு நீட்டு மேட்டு நிலம் வேணும். எங்கட ஊரில மேடு இருந்தால் வீடு, பள்ளம் இருந்தால் வயல். நல்ல வயலை நிரப்பிக் கடை கட்ட எங்கட ஆக்களுக்கு மனம் வராது. அதில கணிசமான காணி கோயில் காணி வேற. பயிர் அவ்வளவு நல்லா இருந்ததுதான் டவுனுக்கு இடமில்லாமல் போனதுக்குக் காரணம் எண்டு எனக்குப் படுது. கந்தளாயில றோட்டுக்கரை காய்ஞ்ச காடு, ஆருக்கும் வலிக்காது.

கோணமலைப்பெட்டை

திடல் விளக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஸ்டேசன் கேள்வி இன்னும் கிடக்கு. இண்டைக்கு எங்கட அம்மம்மாவிட்ட கேட்டன். அவ பிறந்தது தம்பலகாமம், கட்டிக்கொடுத்தது திருகோணமலைக்கு.

அவவின்ர தாய் விடியக் கோச்சியில தயிர் கொண்டு வாறவவாம். எருமைத் தயிர், முட்டிக்கு மேல வாழையிலை, அதுக்கு மேல துணிக்கட்டு, தலையில சும்மாடு. கோச்சிப் பெட்டிக்குள்ள தயிர்ப் பொம்பிளையளுக்கெண்டு ஒரு மூலை. ஆரும் உதைஞ்சு போடாமல் இருக்க முட்டியளைச் சுத்திக் குந்தியிருப்பினமாம். திருகோணமலையில இறங்கி, வீடு வீடாக் குடுத்து, மத்தியானம் சீலைத்தலைப்பில காசையும் முட்டிக்குள்ள சீனி, கருவாடு, நூல்பந்தையும் கொண்டு திரும்பிறது.

அதைக் கேட்ட உடன எனக்குப் பதில் விளங்கிச்சு. தம்பலகாமத்துக்கு டவுன் இல்லாமல் இருக்கேல்ல. திருகோணமலைதான் அதின்ர டவுன். இருவத்தி நாலு கிலோமீற்றரில துறைமுகம், கடற்படை முகாம், கச்சேரி (மாவட்டக் கந்தோர்), ஆஸ்பத்திரி. பிரித்தானியக் கடற்படை 1957இல போகும் வரைக்கும் அங்க மாசச் சம்பளத்துக்கு என்ன பஞ்சம்? 91 அண்ணாவின்ர வாப்பா சொன்ன அந்தச் சம்பளம் எங்களுக்குக் கோச்சியிட அடுத்த அந்தத்தில இருந்தது. கந்தளாய்க்கு அது நாப்பது கிலோமீற்றர். அதோட அங்க குடியேறினவைக்குத் திருகோணமலையில ஆரையும் தெரியாது, பாசையும் தெரியாது. தங்களுக்கெண்டு ஒரு டவுனை உண்டாக்கத்தான் வேணும்.

ஸ்டேசன் ஊரைக் கட்டேல்ல, ஊரில இருந்த காசை ஒவ்வொரு நாளும் விடிய வெளியில கொண்டு போய் இறக்கினது.

பனிக்காடு

தயிர்க் கோச்சியை வாசித்து விட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. தம்பலகாமத்துக் குடாவில் முத்துச் சிப்பி எடுத்த காலமும் ஒன்று இருந்தது. கண்ணாடி மாதிரித் தட்டைச் சிப்பி. சிப்பித்திடல் என்ற பெயர் அதோடு சேர்ந்ததா என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு ஆசை. அந்த முத்தும் கூட ஊருக்குள் விலைப்படவில்லை, வெளியேதான் போனது. பெட்டை சொன்னது சரி. நான் என் சாவியைப் பற்றிச் சொன்னதும் சரிதான், இரண்டும் ஒரே ஊரில் நடந்தவை.

துறையடியான்

துருசு ஐயா, எண்பத்தாறைப் பத்தி எழுதுவீங்க எண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறன்.

துருசு

எழுத விருப்பமில்லாமல்தான் இருந்தேன். கேட்டதால் சொல்கிறேன்.

1986 ஏப்ரல் 20, விடியப்புறம் மூன்று மணியளவில் குளக்கட்டு உடைந்தது. நான் அப்போது வேறு மாவட்டத்தில் வேலை. மூன்றாம் நாள் அனுப்பினார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 127 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கட்டின் மேல் பெரும் பாரமான வாகனங்கள் போனது காரணமென்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். மண் அணை சும்மா ஒருநாளில் உடைவதில்லை. உள்ளே நீர் கசிந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகும். கலங்கலாக வருகிற கசிவைக் கண்டால் பயப்பட வேண்டும், தெளிவாக வந்தால் குறித்து வைக்க வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள்.

நான் கண்டது மணல். வயலுக்கு மேல் முழங்காலளவு மணல், அதில் பாதி புதைந்த ஒரு தையல் மெசின், கால்மிதி மேலே தெரிந்தபடி. வரம்பு எது வாய்க்கால் எது என்று தெரியாது. நாங்கள் பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊன்றுகோல் நட்டு எல்லை தேடினோம். ஆட்கள் பின்னால் வந்து "ஐயா, என் வயல் எங்கே" என்று கேட்டார்கள்.

ஊரைப் பற்றிய கேள்விக்கு இதில் ஒன்று உண்டு. டவுன் மேட்டில் இருந்ததால் பெரும்பகுதி தப்பியது. அந்தக் கிழமை அரிசி, உடுப்பு, மருந்து எல்லாம் கந்தளாய் டவுனுக்குத்தான் வந்து இறங்கின. அடுத்த சில வருடம் கட்டைத் திருப்பிக் கட்டுகிற வேலை, கொந்துறாத்துக்காரர், லொறி, கூலி. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் கடைகளில் வியாபாரம் நடந்தது.

91ஆம்கட்டை

ஐயா சொன்னது உண்மை. வாப்பா அந்தக் கிழமை கொப்பியில கன பேரிட பக்கத்தைக் கிழிச்சவர். அவங்க இல்ல.

கடைசியா இப்ப நிலைமையைச் சொல்லிப்போட்டுப் போறன். தொண்ணூறுகளிட தொடக்கத்தில சீனித் தொழிற்சாலை மூடினாங்க. மெசின் கறள் பிடிச்சுப் போச்சு. அதுக்குப் பிறகு டவுனை இழுத்துக்கொண்டு போனது ஆமி, பொலிஸ், ஆசிரியர், ஆஸ்பத்திரி ஆக்களிட சம்பளம். திரும்பவும் சம்பளம்தான். 2006இல சண்டையால மூதூர்ச் சனம் அள்ளுப்பட்டு வந்து பள்ளிக்கூடங்களில இருந்தாங்க. எங்கட கடையில பாய், வாளி, பால்மா மட்டும்தான் அந்த மாசம் வித்தது. காசு கேக்க மனம் வராது, எண்டாலும் கேட்டம். அதுவும் கொப்பியில இருக்கு.

நெல் விஷயம் தலைகீழ். முந்தி அறுத்து, சூடு வைச்சு, அடிச்சு, காய வைச்சு, சாக்கில கட்டி எங்களிட்ட வரும். இப்ப வெட்டு மெசின் வயலுக்குள்ள இறங்குது. பின்னால வரம்போரம் பொலன்னறுவை லொறி. ஈர நெல்லை அப்பிடியே மில்லுக்கு ஏத்துறாங்க. விலை போனில முடிஞ்சிரும். கடிச்சுப் பார்க்க ஒண்டுமில்ல, பச்சை நெல் 'டக்' எண்டு சத்தம் போடாது. வாப்பாவிட குத்தூசி மேசை லாச்சிக்குள்ள கிடக்கு, நான் பார்சல் பெட்டி வெட்டப் பாவிக்கிறன்.

இப்ப எங்கட கடையில நெல் இல்ல. உரம், எண்ணெய், ஸ்பெயார்.

கோணமலைப்பெட்டை

அப்ப ரோட்டோரத் தயிர்ச்சட்டி? வெளியூர் வான் எல்லாம் கந்தளாயில நிப்பாட்டித்தானே வாங்குது. துறையடியான் அண்ணாவின்ர தேத்தண்ணித் தத்துவம் வேலை செய்யுதே.

துறையடியான்

அந்தச் சட்டியில பாதிக்கு மேல எங்கட பக்கத்து எருமையிட பால். கந்தளாய்த் தயிர் எண்டு கித்துள் பாணி ஊத்தித் தின்னுறவங்களுக்கு ஆரும் சொல்லிடாதீங்க.

91ஆம்கட்டை

கிண்ணியா ஆக்களுக்கு எல்லாத்திலயும் பங்கு வேணும் 😄 வாப்பாவும் அங்க இருந்து வந்தவர்தானே, அதால சும்மா விடுறன்.

திடல்பிள்ளை

அப்பாவுக்கு இழை முழுக்க வாசிச்சுக் காட்டினன். திடல் விளக்கத்துக்கு மட்டும் தலையாட்டினார். சீனிக் கதைக்கு "ஓம், சம்பள நாளில அங்க போனால் சைக்கிள் விட இடமிராது" எண்டார். போன போகம் நெல் எங்க குடுத்தீங்க எண்டு கேட்டன். வரம்பிலதான், லொறிக்கு. ஆர் வாங்கினது எண்டு பேர் தெரியாதாம், போன் இலக்கம் இருக்காம்.

பெல்ட் கதை முடியேல்ல. வாங்கி வந்த பெல்ட் ஒரு இலக்கம் பெரிசு, கப்பியில சறுக்குது. உழவு இன்னும் பாதியில. நாளைக்குத் திரும்பக் கந்தளாய்.

91ஆம்கட்டை

எந்தக் கடையில எடுத்தீங்க எண்டு இங்க எழுத வேண்டாம் அண்ணன். பில் இருக்கா?

திடல்பிள்ளை

தரேல்ல.

91ஆம்கட்டை

அப்ப எங்கட கடைக்கு வாங்க. அறுந்த பெல்ட்டையும் கொண்டு வாங்க, இலக்கம் அழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல, பக்கத்தில வைச்சு அளந்து தாறன். பத்து மணிக்கு முதல் வந்தால் நல்லம், நாளைக்கு வெள்ளிக்கிழமை, பதினொண்டரைக்குக் கடை பூட்டிருவன்.